இரண்டு சொட்டு நீடில் ஆயில்

முன்னால் இந்தக் கம்ப்யூட்டர் கீபோர்டில் ஏதாவது ஊற்றினீர்களா என்று கடைக்குள் வந்ததும் கேட்டீர்கள். இல்லை என்றேன். அது பொய் அம்மிணி. நீங்கள் பட்டனுக்கு அடியில் இருக்கிற ஒரு சுவிட்சைப் பிடுங்கிக் கவிழ்த்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தீர்கள் பாருங்கள், அப்போதே எனக்கு முகம் செத்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் நான் செய்த காரியம் அது. திருப்பூரில் நிட்டிங் மிஷின் ஃபிட்டர். எண்ணெயை இப்படித் தேய்த்துப் பார்த்தே இது இருபத்திரண்டாம் நம்பரா, முப்பத்திரண்டாம் நம்பரா என்று சொல்லிவிடுவேன். உங்கள் விரலில் இருப்பது இருபத்திரண்டு. நீடில் ஆயில். பனியன் துணி பின்னுகிற ஊசிக்குப் போடுவது. நான்தான் போட்டேன்.

உட்காரலாமா? பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இந்தப் பெட்டியை யாரும் இடித்துவிடக் கூடாது என்று மாரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு அம்மாள் எழுந்து, "கொழந்தையாங்க?" என்று எட்டிப் பார்த்தாள். பெட்டி என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

கீபோர்டு என்னுடையது இல்லை. என் மருமகளுடையது. கோகிலவாணி என்று பேர், நாங்கள் வாணி என்போம். என் மகன் லோகநாதனுக்கு அவளைக் கட்டி நாலு வருஷம் ஆகிறது. ரெண்டு வயசில் ஒரு பேத்தி. டிவியில் செய்தி வாசிக்கும்போது அடியில் எழுத்து ஓடுகிறதல்லவா, காது கேட்காதவர்கள் படிப்பதற்கு? அவர்கள் வாசிக்க வாசிக்க அதைத் தமிழில் அடித்துத் தரவேண்டும். வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை. அதற்கு ஒரு பரீட்சை. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை, தப்பு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கலாம். நாலு மாசம் பயிற்சி எடுத்தாள். அதற்காகத்தான் நடுவில் லோகு இந்தக் கீபோர்டை வாங்கிக் கொடுத்தான்.

சத்தம் போடும். உங்களுக்குத் தெரியாததா? டக்கு டக்கு டக்கென்று. அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது மிஷின் ஒன்றாக ஓடுகிற ஷெட்டில் இருந்தவன் நான். பக்கத்து அறையில் ஒரு பெண் டைப் அடிப்பதா எனக்குப் பெரிது? மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணை மூடுகிற நேரம் பார்த்துத்தான் அவள் ஆரம்பிப்பாள், அது வேறு. மூன்றரைக்கு வந்துகொண்டிருந்த காபி நாலே முக்காலுக்கு வந்தது. காபி ஒரு விஷயமா? இல்லை. சும்மா சொன்னேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் அவளே பேச்சை எடுத்தாள்.

"மாமா, இதுக்கும் எண்ணெ, கிரீசெல்லாம் போடறாங்களாமா. சத்தம் கொறையுமாமா, வெரலுக்கும் நோவு இருக்காதாமா."

"அதுக்கென்ன சாமி? அலமாரியில நீடில் ஆயில் இருக்குது. ஆளுக்கொரு சொட்டு உட்டா வழுக்கீட்டு ஓடும்" என்றேன்.

"ஐயோ, அது வேண்டாங்க மாமா. இது பிளாஸ்டிக்குங்க. மிஷின் எண்ணெ ஆகாதாமா. இதுக்குன்னு இருக்கறதுலயே நாலஞ்சு வகை இருக்குது, சுவிட்சுக்குத் தகுந்தாப்பல எடுக்கோணுமாமா. பரீட்சை முடியட்டும், நல்லாப் படிச்சுப் பாத்துட்டு வாங்கிக்கறனுங்க."

லோகு சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். "எங்கப்பனுக்கே எண்ணெப் பாடம் எடுக்கறயா நீ? அப்பா, நல்லாக் கேட்டுக்குங்க, நாளைக்குப் பரீட்சை வெச்சாலும் வெப்பா."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரசம் ஊற்றிய பிறகும் அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மிஷின் எண்ணெ ஆகாதாமா! ஜெர்மனியிலிருந்து வந்த மிஷினுக்கு எண்ணெய் மாற்றச் சொல்லி அந்த ஊர் இஞ்சினியரிடமே வாதாடியவன் நான். இத்தனூண்டு பட்டன்.

அந்த வாரமே தாராபுரத்தில் அவள் அத்தை மகளுக்குக் கல்யாணம். மூன்று பேரும் போனார்கள். ரெண்டு நாள் நான் மட்டும் வீட்டில். மெடிக்கலில் ஒரு சிரிஞ்சு வாங்கி வந்தேன். மூடியெல்லாம் கழற்ற அவளுடைய பெட்டியிலேயே ஒரு சின்னக் கொக்கி இருந்தது. பேப்பரை விரித்து, கழற்றின வரிசை மாறாமல் அடுக்கி வைத்தேன். எண்பத்தேழு. வேலை சுத்தமாகத்தான் செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆளுக்கு ரெண்டு சொட்டு. தாராளமாக. பாதிப் பட்டன் தாண்டியதும் சிரிஞ்சில் குறைந்துவிட்டது. டப்பாவும் காலி. இடது பக்கத்துக்கு அரைச் சொட்டு, கால் சொட்டு என்று தொட்டுவிட்டு முடித்தேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டுகிறவனைக் கேட்காமல் அவன் மிஷினை எவனும் தொடக்கூடாது. சட்டம் போட்டதே நான்தான். சுவரில் பெயிண்டில் எழுதி வைத்தேன். ஆனால் அது கம்பெனி. இது வீட்டுக்குள் கிடக்கிற சாமான். அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஊர்ப்பட்ட சத்தம் அடங்கிப்போனது அம்மிணி. அமுக்கிப் பார்த்தால் வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி. அவள் திரும்பி வந்து உட்கார்ந்து நாலு வரி அடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

"மாமா, இதை யாராச்சும் தொட்டீங்களா? சத்தமே வேற மாதிரி கேக்குதுங்க."

"மழைக்காத்து சாமி. ஈரத்துக்கு எல்லாம் அடங்கித்தான் கேக்கும்" என்றேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பார்க்கிறீர்கள். ஒரு வாரம் போகட்டும் என்று இருந்தேன். ஒரு வாரம் அடித்துப் பழகி, நல்லாருக்குது, நல்லாருக்குது என்று அவள் வாயாலேயே வரட்டும், அப்புறம் லோகுவை வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று. என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். 'ஆகாதுன்னு சொன்ன எண்ணெதான் சாமி அது.' இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ரெண்டு ரெண்டாக விழ ஆரம்பித்தது. ஒரு தரம் தட்டினால் எழுத்து ரெண்டு தரம். ஒரே எழுத்து ரெண்டு தரம் விழுந்தால் முதலுக்குத் தானாகவே புள்ளி வைத்துவிடுமாம்; மகள் என்று அடித்தால் மக்கள் என்று வரும், படம் என்று அடித்தால் பட்டம். முதலில் அவள் சிரித்தாள். லோகுவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பரீட்சை அன்றைக்குச் சிரிப்பு இல்லை. எதிரில் கேமரா, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம். வெளியே வந்து சமையற்கட்டு வாசலில் நின்றாள்.

"நூத்தி முப்பது தப்பு" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்றே தெரியாத மாதிரி.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குத் தெரியும். சுவிட்சுக்குள் கரண்ட் தொடுகிற தகட்டில் எண்ணெய் இறங்கியிருக்கிறது, அதுதான் விட்டு விட்டுப் போகிறது என்று ஒரு ஃபிட்டருக்குத் தெரியாதா? தெரியும். "ஊட்டு வேலையே உனக்குத் தலைக்கு மேல கெடக்குது சாமி. அந்த வேலை போனாப் போகுது" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அன்றைக்குக் காபி மூன்றரைக்கே வந்தது. குடித்தேன்.

தப்பு அவள் விரலில் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மாவுக்குக் கை நடுக்க நோய் இருந்தது. எனக்கும் தெரியும், நிச்சயத்துக்கு வந்தபோதே அந்த அம்மாள் டம்ளரை ரெண்டு கையால் பிடித்தார்கள். ஒன்பது வருஷம் கிடந்து போனார்கள். கடைசியில் சோறுகூட ஊட்டித்தான். வலது கையில்தான் ஆரம்பித்ததாம். தமிழ்க் கீபோர்டில் மெய்யெழுத்து எல்லாம் வலது கைப்பக்கம் அம்மிணி. உயிரெழுத்து இடது பக்கம். நான் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டது எந்தப் பக்கம் என்று சொன்னேனல்லவா?

சந்தேகம் வராதா என்கிறீர்களா? வாங்கி மூன்று மாசம்தான் ஆகிறது, புதுச் சாமான், அதை யார் சந்தேகப்படுவார்கள்? லோகு சொல்லி லேப்டாப்பிலேயே அடித்துப் பார்த்தாள். பழக்கமில்லாத பட்டன், கூடவே பயம். அதிலும் நாலைந்து தப்பு விழுந்தது. "பாத்தீங்களா, கைதானுங்க" என்றாள். தப்பு விழுந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி மாதிரி. தெரிந்துவிட்டதே என்கிற நிம்மதி.

டாக்டரிடம் போனார்கள். ஒரு பேப்பரைக் கொடுத்து, நடுவிலிருந்து ஆரம்பித்துச் சுருள் சுருளாகக் கோடு போட்டுக்கொண்டே வரச் சொன்னாராம். கொசுவர்த்திச் சுருள் மாதிரி. பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்று மாசம் கழித்து வாருங்கள் என்றிருக்கிறார். இப்போதைக்கு என்கிற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் தினம் காலையில் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு சுருள். குப்பைக் கூடையில் நான் எடுத்துப் பார்ப்பேன். ஒரு கோடு பிசகியிருக்காது. நான் போட்டால்கூட அப்படி வராது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். அடுப்படியில் அவள் இருப்பாள், பத்தடி தூரம். திரும்பக் கூடையிலேயே போட்டுவிடுவேன்.

பாப்பாவைக் குளிப்பாட்டுவதை விட்டுவிட்டாள். "சோப்புக் கையில வழுக்கி உட்டுட்டன்னா?" என்று லோகுவிடம் கொடுத்துவிட்டாள். அவன் ஆபீசுக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டே குளிப்பாட்டுவான். எனக்குக் காபி கொண்டுவந்தால் டம்ளரில் முக்கால்தான் இருக்கும். சிந்தக்கூடாதென்று. ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவாள், அவளுடைய அம்மா பிடித்த மாதிரியே.

இப்படி ஐந்து வாரம் அம்மிணி.

மாரப்பன் என்று ஒருத்தர் எங்கள் கம்பெனியில். என்னைவிட மூத்தவர். ஒருநாள் கண் மயங்கி வேறு டப்பாவிலிருந்து எண்ணெய் ஊற்றிவிட்டார். முந்நூறு கிலோ துணி கறை. ஊற்றிய அரை மணி நேரத்தில் அவரே வந்து, "நாச்சிமுத்து, தப்புப் பண்ணிப்போட்டனப்பா" என்றார். நான் மிஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லி, ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, அவர் கையிலேயே அந்த டப்பாவைக் கொடுத்து நிற்க வைத்தேன். பேரனுக்குச் சம்பந்தம் பேசுகிற வயசு அவருக்கு. அடுத்த நாளிலிருந்து அவர் வரவில்லை. எண்ணெய் விஷயத்தில் நான் கண்டிப்பு என்று முதலாளியே சொல்வார். நேற்று வரைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று என்ன நடந்தது என்றால், அந்த டிவிக் கம்பெனியிலிருந்து இன்னொரு தரம் வாய்ப்புத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பரீட்சைக்கு முன்னால் வைத்த முதல் சுற்றில் நன்றாகச் செய்தவளாம். வருகிற வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் புதன். அவள் வேண்டாம் என்று எழுதப் போகிறாள். "எழுதீறட்டுங்களா?" என்று லோகுவைக் கேட்டாள். அவன், "உன்னிஷ்டம்" என்றான். என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க என்னங்க சொல்றீங்க?" என்றாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாலு வருஷத்தில் ஒரு காரியத்தையும் என்னைக் கேட்காமல் அவள் செய்ததில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எழுதாத சாமி" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. சரிங்க மாமா என்றாள்.

போன வாரமே கீபோர்டைப் பெட்டியில் போட்டு பீரோவுக்கு மேல் வைத்துவிட்டாள். காலையில் அவள் துணி காயப்போட மாடிக்குப் போனாள், எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும் அம்மிணி. கழுவிச் சரிசெய்து தந்துவிடுவீர்கள், தெரிகிறது, உங்கள் கையைப் பார்த்தாலே தெரிகிறது. பில்லில் ஒரு வரி எழுதித் தாருங்கள். பழுது கம்பெனியிலிருந்தே வந்தது என்று. வேறொன்றும் வேண்டாம். கீபோர்டில்தான் பழுது, கையில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். அது உண்மைதானே? யார் ஊற்றினார்கள் என்பது அவளுக்கு எதற்கு? குடும்பத்தில் இருந்துகொண்டு...

பில் புத்தகத்தை ஏன் தள்ளி வைக்கிறீர்கள்?

இது என்ன, ரெண்டு டப்பா? கீபோர்டுக்கென்றே இருக்கிற கிரீசா? சரி. இது கெட்டி. இது தண்ணியாக, தேங்காயெண்ணெய் மாதிரி. கெட்டியைப் போட்டால் வழவழவென்று ஓடும், ஆனால் அமுக்கும்போது நடுவில் ஒரு முட்டு தெரியுமே, அது செத்துப்போகும். இந்தத் தண்ணியானதைத் தூரிகையால் ஓரத்தில் மட்டும் தொட்டுவிட்டால் முட்டு அப்படியே இருக்கும். தகட்டுப் பக்கம் எதுவுமே படக்கூடாது. ம். எது நல்லது? ... எது நல்லது என்பது இல்லையா? அடிக்கிறவர்களுக்கு எது வேண்டுமோ அதுவா?

எனக்கு எப்படித் தெரியும் அம்மிணி? நான் அவளைக் கேட்டதில்லை.

எந்தெந்தப் பட்டன் ரெண்டாக விழுகிறது என்றும் தெரியவேண்டுமா? நீங்களே அமுக்கிப் பார்த்தால்... ஆமாம், விட்டு விட்டுத்தான் வரும், பத்து நிமிஷம் பார்த்தால் தெரியாது. சில தகடு கெட்டே போயிருக்குமா, மாற்ற வேண்டியிருக்குமா? சரி. அதுவும் அவளைத்தான் கேட்கவேண்டும்.

வேறு வழி இல்லையா?

சரி. இருங்கள். கண்ணாடி எங்கே வைத்தேன்? இந்தப் போனில் நம்பரைப் போட்டுக் கொடுங்களேன். அதில் வாணி என்று இருக்கும்.

"வாணி... மாமன்தான். ... ஆமா, சாப்பிட்டன். ... கோயமுத்தூர்ல. ... பெட்டி என்ர கிட்டதான் இருக்குது, தேடாத. நான்தான் எடுத்தேன். ... இல்ல சாமி, நீ பேசாத, நான் சொல்றன். நீ தாராபுரம் போயிருந்தயல்ல, கல்யாணத்துக்கு. அன்னிக்கு நான் அதுல எண்ணெ உட்டுப்போட்டேன். நீடில் ஆயில். நீ ஆகாதுன்னு சொன்ன அதே எண்ணெதான். வலதுபக்கம் பூராவும் ரெண்டு ரெண்டு சொட்டு. ... அதுதான் ரெண்டு ரெண்டா உழுகுது. ... மழைக்காத்து இல்ல. நான் பொய் சொன்னேன். ... எனக்கு மொத நாள்ல இருந்தே தெரியும். பரீட்சை அன்னிக்கும் தெரியும். ... வாணி? வாணி, இருக்கறயா சாமி?"

லைனில்தான் இருக்கிறாள் அம்மிணி. பாப்பா ஏதோ கேட்பது காதில் விழுகிறது.

"வாணி, நீ என்ன வேணும்னாலும் சொல்லு. திட்டு. ... ஆங்? ... என்ன சாமி, கேக்கல."

என்ன கேட்கிறாள் தெரியுமா? 'அப்ப எங் கையி நல்லாத்தான் இருக்குதுங்களா மாமா?' என்கிறாள்.

"நல்லாருக்குது சாமி. ... ஆமா. ... ஆமா, சத்தியமா. உன் கையில ஒண்ணுமே இல்ல. ... இல்ல. ... நல்லாருக்குது. ..."

மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் சொன்னேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் செய்தீங்க என்றுகூடக் கேட்கவில்லை.

"வாணி, இங்க கடையில ஒரு அம்மிணி ரெண்டு சேதி கேக்கறாங்க. அமுக்கறப்ப நடுவுல ஒரு முட்டு இருக்குதல்ல, அது உனக்கு வேணுமா, இல்ல வழவழன்னு போகோணுமா? ... சரி. ... சரி சாமி."

முட்டு வேண்டுமாம். அது இருந்தால்தான் விரலுக்குத் தெரியுமாம், எழுத்து விழுந்துவிட்டது என்று. அப்படியானால் அந்தத் தண்ணியான டப்பாதானே?

"இன்னொண்ணு. எந்தெந்தப் பட்டன் ரெண்டா உழுகுதுன்னு சொல்லு. அவங்க எழுதிக்கறாங்க. ... நோட்டா? ... சரி, எடுத்துட்டு வா. இருக்கறன்."

நோட்டு எடுத்துவரப் போயிருக்கிறாள். எழுதி வைத்திருக்கிறாளாம்.

"ம், சொல்லு."

எழுதிக்கொள்ளுங்கள் அம்மிணி. வலது கை ஆள்காட்டி விரல். க, ள. ... மோதிர விரல். ட. அப்புறம் த.

நான் பட்டனைக் கேட்டேன், அவள் விரலைச் சொல்கிறாள். அப்படித்தான் எழுதியிருக்கிறாளாம், தேதி போட்டு. எந்த விரலில் என்றைக்கு ஆரம்பித்தது என்று. டாக்டர் அடுத்த தரம் கேட்டால் காட்டுவதற்கு.

நடு விரல், ன. அது பரீட்சைக்கு முந்தின நாள்.

சுண்டு விரல், ந. போன வாரம் செவ்வாய்க்கிழமை.